கால் வரலாம், சக்கரம் வரக்கூடாது

“…சாமிக்கு அம்மாம் பெரிய கோயிலு இருக்குது. அப்பவும் வருசத்துக்கு ரெண்டு தரம் வெளிய வந்து மலையச் சுத்திட்டுத்தான் உள்ள போறாரு. ஒரே எடத்துல உக்காந்திருந்தா ஊருக்கு ஆவாதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்குது. பந்து ஒதைக்கறவனுக்கு மட்டும் நாட்டுக்கே ஒரு எடம், அதுவும் செவுரு வெச்சி, கூரை போட்டு… இன்னாத்துக்கு சார்?”

அத்தை இப்படிக் கேட்டபோது எங்கள் கால்பந்து கிளப்பின் செயலாளர் தம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு உள்பக்கம் காபி டம்ளரோடு நின்றிருந்தார். அத்தை சுவருக்கு வெளியே, தன் நிலத்து வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நாலைந்து பேர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு உலகம் சொல்லித்தருவதில் அவருக்கு அலுப்பே கிடையாது. அன்றைக்கு இங்கிலாந்து.

“இங்கிலாந்துல நாட்டுக்குன்னே ஒரு ஸ்டேடியம் வெச்சிருக்கான். நாட்டு டீம் ஆடினா அங்கதான். நம்ம டீம் என்னடான்னா ஒரு தடவ கொல்கத்தா, ஒரு தடவ கொச்சி, ஒரு தடவ கோவான்னு நாடோடி மாதிரி அலையுது. ஒரு நாட்டுக்கு வீடுன்னு ஒண்ணு வேணாமா?” என்று அவர் எங்களைத்தான் கேட்டார். பதில்தான் வரப்பிலிருந்து வந்துவிட்டது.

செயலாளரும் லேசுப்பட்டவர் இல்லை. “கோயில்னு ஒண்ணு இருக்கறதாலதானம்மா சாமி திரும்பி வர எடம் இருக்கு?” என்றார். நல்ல பதில். நாங்களே தலையாட்டினோம்.

அத்தை அரிவாளைக் கீழே வைக்கவில்லை. “திரும்பி வர எடம் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா நீ சொல்ற வீடு எந்த ஊருல இருக்கும்? டெல்லியில இருக்கும். டெல்லிக்காரன் பார்ப்பான். நம்ம கீழ்பென்னாத்தூர்க்காரன் டீவியிலதானே பார்க்கப் போறான்? டீவியில பார்க்கறவனுக்கு எந்த ஊரு மைதானமா இருந்தா இன்னா, வீடா இருந்தா இன்னா, வாடகையா இருந்தா இன்னா சார்?”

புல்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காபி ஆறிப்போயிருந்தது.

போன வாரம் எங்கள் பழைய ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதே சண்டை மறுபடி வந்தது. நாட்டுக்கு ஒரு தேசிய கால்பந்து ஸ்டேடியம் வேண்டும் என்று ஒரு கூட்டம். ஸ்பெயினுக்கு இருக்கிறதா, இத்தாலிக்கு இருக்கிறதா, ஜெர்மனிக்கு இருக்கிறதா, அவர்கள் ஊர் ஊராகப் போய் ஆடி உலகக் கோப்பை வாங்கவில்லையா என்று இன்னொரு கூட்டம். அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு இப்போது தொப்பை. பந்தைக் காலால் தொட்டு வருஷங்கள் ஆகின்றன. பந்து இல்லாமல் சண்டை போட ஸ்டேடியம்தான் வசதி. அத்தை உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்தக் குழுவை என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அத்தை என்று கூப்பிட்டோமே தவிர, எங்களில் யாருக்கும் அவர் அத்தை கிடையாது. முதலில் அப்படிக் கூப்பிட்டவன் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. அவனை மேலும் கீழும் பார்த்தார். “அத்தன்னு கூப்ட்டா பொண்ணு கெடைக்கும்னு எவன் சொன்னான் உனக்கு? எனக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க. வேணும்னா ஒரு கெடேரிக் கன்னு இருக்குது, ஜாதகத்த எடுத்துனு வா, பொருத்தம் பார்க்கலாம்” என்றார். அவன் கல்யாணத்தன்று வரை நாங்கள் அவனைக் கிடேரி மாப்பிள்ளை என்றுதான் அழைத்தோம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி உள்ளே போனால், மனைக் கற்கள் நட்ட வரிசைகளுக்கும் புது வீடுகளுக்கும் நடுவே விற்கப்படாமல் கிடந்த ஒரே நிலம் அவருடையது. எங்கள் பக்கத்தில் புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம். வேர்க்கடலை எங்களுக்கு மல்லாட்டை. ஆடியில் அந்தக் கொல்லையில் மல்லாட்டை போடுவார். மழை ஏமாற்றினால் கிணற்றுத் தண்ணீர். கார்த்திகை தீபத்துக்குள் பிடுங்கிவிடுவார். கணவர் போன பிறகு இரண்டு பையன்களையும் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியது அந்த மண்தான். மல்லாட்டை பிடுங்கியதிலிருந்து மறு உழவு வரைக்கும் கொல்லை சும்மா கிடக்கும். அந்தச் சும்மாவில்தான் எங்கள் கிளப் வளர்ந்தது.

ஆரம்பத்தில் ஒருமுறை, மரியாதையாக இருக்கட்டும் என்று, ஆடலாமா என்று கேட்கப் போனோம்.

“கேக்காத. கேட்டா இல்லன்னு சொல்ல வேண்டி வரும். இன்னிக்கு உன்ன சரின்னா நாளைக்கு ஆடு மேய்க்கறவன் வருவான், செங்கல்லு அடுக்கறவன் வருவான், அவனுக்கும் சரின்னு சொல்லணும். நீ கேக்காம ஆடு. நான் பார்க்கல.”

நாங்கள் கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. “ஆனா ஒண்ணு. காலு வரலாம். சக்கரம் வரக்கூடாது.”

அந்த ஒரு சட்டத்தை அவர் காத்த அழகை நான் எந்த நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை. சைக்கிள், பைக், ஐஸ் விற்கும் வண்டி, எதுவாக இருந்தாலும் வேலிக்கு வெளியே. எங்கள் ரைட் விங் ஆட்டக்காரன் ஒருவன் காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு கிடந்தான். வீட்டில் அடைந்து கிடக்கிறானே, ஆட்டமாவது பார்க்கட்டும் என்று ஸ்கூட்டரில் ஏற்றி வந்தோம். வேலியிலேயே நிறுத்திவிட்டார்.

“நடக்க முடியாதவன் அத்த. கொஞ்சம் மனசு வைங்க.”

“நீங்க நடப்பீங்க இல்ல? தூக்கினு வாங்க.”

இரண்டு பேர் கைகோத்து நாற்காலிபோல் பிடித்து அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். வெயில், மேடு பள்ளம், அவன் கனம் வேறு. அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ம், இப்ப நாலு காலு வருது, வரட்டும்” என்றார்.

தீபத்துக்கு எங்கள் ஊரில் வந்து குவிகிற கூட்டத்துக்கு ஊர் பத்தாது. சுற்று வட்டாரத்துக் காலி நிலமெல்லாம் பஸ்ஸும் வேனும் நிற்கிற இடமாகிவிடும். ஒரு வருஷம் வண்டி நிறுத்த இடம் பிடித்துத் தருகிற ஆள் ஒருவர் வெற்றிலைப்பாக்குத் தட்டோடு வந்தார். “புண்ணியம்மா. சாமி பார்க்க வர்ற ஜனங்க” என்றார்.

“சாமி பார்க்க வர்றவன் மலையச் சுத்தி நடக்கத்தானே வரான்? மெயின் ரோட்டுலேர்ந்து நடந்தா காலு தேஞ்சி போயிடுமா? புண்ணியத்த நடந்து சேக்கச் சொல்லு. எங் கொல்லைய மிதிச்சி சேக்க வேணாம்.”

வெற்றிலைப்பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தார். கொண்டுவந்தது வீணாகக் கூடாதாம்.

ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் அவரை மடக்கப் பார்த்தான். “ஒழவு ஓட்ட டிராக்டர் வருதே அத்த, அதுக்குச் சக்கரம் இல்லையா?”

“இருக்குது. ஆனா அது மிதிச்சத அதுவே பின்னாடி கெளறிட்டுப் போவுது. நீ மிதிச்சா கெளறுவியா?”

பிறகு ஒரு பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் ஆணி வைத்த பூட்ஸ் வாங்கினோம். பயந்துகொண்டேதான் அவர் கண்ணில் படும்படி நடந்தோம். ஒருவன் காலைத் தூக்கச் சொல்லி, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இது நல்லா இருக்குதே. ஆடுங்க, ஆடுங்க. நல்லா திருப்பித் திருப்பி ஆடுங்க. எனக்கு ஒரு ஒழவு மிச்சம்” என்றார்.

மல்லாட்டை போட்ட வீட்டில் பிறந்தவனுக்கு இந்தச் சட்டத்தை விளக்க வேண்டியதில்லை. பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஊசிபோல ஒன்று கிளம்பிக் கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்கும். இறங்கினால்தான் அதன் முனையில் காய். மண் பொலபொலவென்று இருந்தால் இறங்கும். இறுகிக் கிடந்தால் வெளியிலேயே காய்ந்து கருகிவிடும். செடி மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் கீழே ஒன்றும் இருக்காது.

அந்தப் பொலபொல மண்ணில் பந்து துள்ளாது. மேலே இருந்து விழுந்தால் பொத்தென்று விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வெளியூர் அணிகள் வந்து ஆடும்போது சிரிப்பார்கள். இது கிரவுண்டா, மாவு மூட்டையா என்று ஒரு கேப்டன் கேட்டான். நாங்கள் அவமானப்பட்டு நின்றோம். அத்தைக்கு அவமானமெல்லாம் கிடையாது. “பந்து துள்ளலன்னா நீ துள்ளு” என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினார். அன்று நாங்கள்தான் ஜெயித்தோம். எங்கள் கால்களுக்கு மாவு மூட்டை பழக்கம்.

பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று சொன்னவர் பார்க்காத ஆட்டமே கிடையாது. பம்புசெட்டு இருந்த மோட்டார் கொட்டாய் நிழலில் முறம் வைத்துக்கொண்டு ஏதாவது புடைத்துக்கொண்டிருப்பார். கண் முறத்தில் இருக்கும். வாய் எங்களிடம் இருக்கும். “எடது காலு உனக்கு எதுக்கு வெச்சிருக்கான், செருப்பு மாட்டறதுக்கா?” “பந்து வந்தா வாங்கு, கும்புடு போடாத.” “அவன் கிட்ட குடுக்காத, அவன் ரேசன் கடை மாதிரி, போனது திரும்பி வராது.” எதிரணியும் தப்பாது. நடுவரும் தப்ப மாட்டார்.

அவர் வாயை நான் ரசித்தவன்தான். ஆனாலும் ஒருநாள் அது எனக்குப் பிடிக்கவில்லை. வெளியூர் அணியோடு ஓர் ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பர் வரிசையாகக் கோல் விட்டான். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், மனசு ஆட்டத்தில் இல்லை. கடைசி கோல் அவன் கால் நடுவிலேயே போயிற்று. கொட்டாய்ப் பக்கமிருந்து அத்தை சொன்னார். “டேய், அங்க ஒரு சல்லடைய நிக்க வெச்சிருந்தாலும் ரெண்டு கல்லு நின்னிருக்கும்.”

எதிரணி சிரித்தது. எங்களில் சிலரும் சிரித்தோம். அவன் கையுறையைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போனவன், அதன் பிறகு பந்து விளையாடவே வரவில்லை. சில நாள் கழித்து நான் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் ஆஸ்பத்திரியையும் சொன்னேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டார். பிறகு, “ஒரு பொம்பள வாய்க்குப் பயந்து ஓடறவன் அடுத்த ஊரான் பந்துக்கு எப்பிடிடா நிப்பான்?” என்றார். அவ்வளவுதான். வருத்தத்தின் நிழல்கூட முகத்தில் கிடையாது. அந்தப் பக்கம் சில நாள் நான் தலைகாட்டவில்லை. ஆட்டம் இருந்ததால் திரும்பப் போனேன்.

செயலாளரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. வெயிலில் நின்று எங்களுக்கு விசில் ஊதியிருக்கிறார். ஆனால் ஆட்டத்தைவிட ஆட்டத்தைச் சுற்றி எழுகிற சுவர்தான் அவர் கண்ணுக்கு எப்போதும் பெரிதாகத் தெரியும். நாட்டுக்கு ஒரு ஸ்டேடியம் என்று ஆரம்பித்தவர், பிறகு மாநிலத்துக்கு ஒன்று என்றார், பிறகு மாவட்டத்துக்கு ஒன்று என்றார். டெல்லியில் ஆரம்பித்த கனவு இறங்கி இறங்கித் தம் வீட்டுக் காம்பவுண்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. உண்மையில் எங்களுக்கும் கேலரி என்றால் கிறுக்குத்தான். யாராவது வரிசையாக உட்கார்ந்து கைதட்ட மாட்டார்களா என்று எந்த ஆட்டக்காரனுக்குத்தான் தோன்றாது?

அந்தக் கொல்லையைக் கேட்டு அவர் அத்தையிடம் போனபோது நாங்களும் பின்னால் போனோம். பழத்தட்டு, பணிவு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“கேலரி வந்தா பப்ளிக் உக்காந்து பார்ப்பாங்கம்மா.”

“ஆட்டம் நல்லா இருந்தா நின்னு பார்ப்பான். நல்லா இல்லாதப்பதான் உக்கார எடம் தேடுவான்.”

“உங்க வீட்டுக்காரர் பேரையே வெக்கிறோம்மா. வாசல்ல பெருசா. காலத்துக்கும் நிக்கும்.”

“அவரு பேர ரேசன் கார்டுலேர்ந்தே எடுத்தாச்சு. செவுத்துல எழுதினா எழுந்து வந்துருவாரா? உசுரோட இருக்கச் சொல்ல ஒருநாளு பந்தத் தொட்டதில்ல அந்த மனுசன்.”

“வருசம் முழுக்க ஆடலாம்மா. இப்ப பாதி வருசம் பசங்க சும்மா இருக்காங்க.”

“பாதி வருசம் மல்லாட்ட இருக்குது. அது சும்மாவா?” என்று கேட்டவர், தட்டைப் பார்த்தார். “பந்தல பெருசா போட்ட கல்யாணத்துல சாம்பாரு தண்ணியாத்தான் இருக்கும். நான் நெறைய கல்யாணம் பார்த்துட்டேன் சார். நீங்க வூட்டுக்குப் போங்க.”

இந்தமுறை தட்டிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த கோடையில், உழவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, கீழ்பென்னாத்தூரில் அத்தையின் தங்கை வீட்டுக்காரர் இறந்துபோனார். கருமாதி முடியும்வரை தங்கைக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டார். மாட்டை ஒரு உறவுக்காரர் பார்த்துக்கொண்டார். கொல்லையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கொல்லை எங்கே ஓடிவிடும்?

ஒரு காலை நாங்கள் போய்ப் பார்த்தால் வேலியில் ஒரு பக்கம் பிரிக்கப்பட்டிருந்தது. பக்கத்து மனைப் பிரிவில் ரோடு போட வந்திருந்த ரோலர் எங்கள் கோல்கம்பங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. செயலாளர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கைகாட்டி நடத்திக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து ஒரு தொழிலதிபர் வருகிறாராம். இடம் அவருக்குப் பிடித்துப்போனால் கேலரிக்கும் சுற்றுச்சுவருக்கும் அவர் பொறுப்பாம். வந்து பார்க்கும்போது இடம் ஸ்டேடியம் மாதிரி இருக்க வேண்டாமா?

“சார், மண்ணு இறுகிடும் சார்” என்றான் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. அவன் வீட்டிலும் மல்லாட்டைதான்.

“இறுகினாத்தான்டா அது கிரவுண்டு” என்றார் செயலாளர்.

ரோலர் போன பிறகு ஒருவன் பந்தை மேலே தூக்கிப் போட்டான். அந்தக் கொல்லையில் முதன்முறையாகப் பந்து துள்ளியது. இடுப்பு உயரத்துக்குத் துள்ளியது. சிலர் விசில் அடித்தார்கள். மல்லாட்டை வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பந்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொழிலதிபரை வரவேற்கிற விழா அன்று சாயங்காலம் ஒரு பக்கம் சவுக்குக் கழியில் தற்காலிகமாகக் கட்டிய கேலரி. எதிர்ப்பக்கம் ஷாமியானா, தரையோடு தரையாகச் சிவப்புக் கம்பளம், அதன்மேல் சோபா, மைக். எங்கள் அணியும் விருந்தினராக வந்த வெளியூர் அணியும் சீருடையில் வரிசையாக நின்றோம். தொழிலதிபர் எங்களோடு கை குலுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். செயலாளர் பேச ஆரம்பித்தார். இங்கிலாந்து வந்தது. நாடோடி மாதிரி அலைகிற நம் நாட்டு அணி வந்தது. ஒரு தேசத்துக்கு வீடு வேண்டாமா என்று கேட்டு அவர் நிறுத்தியபோது, கேலரியில் கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அத்தை வேலி பிரித்த பக்கமாக வந்து நின்றார்.

பஸ்ஸிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கையில் ஒயர்க் கூடை, சாவு வீட்டுக்குக் கட்டிப்போன புடவை. எதையும் கேட்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. குனிந்து கட்டைவிரலைத் தரையில் ஊன்றினார். இறங்கவில்லை. ரெண்டடி நடந்து மறுபடி ஊன்றினார். அங்கேயும் இறங்கவில்லை. பழகிய வாய் ஏதாவது சொல்லும் என்று நான் காத்திருந்தேன். விரலில் ஒட்டிய தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

மைக் முன்னால் நின்ற செயலாளர் பார்த்துவிட்டார். அவர் முகம் ஒரு நொடி செத்துப்போய் மறுபடி உயிர்த்தது. நம் ஊரில் ஒருவர் வாயை அடைக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு முறை உண்டு. கூட்டத்தின் முன்னால் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திவிட வேண்டும். மைக்குக்கு முன்னால் தோளில் சால்வை விழுந்த பிறகு “இல்லை” என்று சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

“இந்த மண்ணை விளையாட்டுக்காக மனமுவந்து வழங்கிய அன்னையை மேடைக்கு அழைக்கிறோம்!”

கேலரி எழுந்து தட்டியது. தொழிலதிபரும் எழுந்து தட்டினார். யாரோ இருவர் கூடையை வாங்கிக்கொண்டு அத்தையை அழைத்துப்போய் நிறுத்தினார்கள். செயலாளர் சரிகைக் கரை வைத்த சால்வையைப் போர்த்தினார். கேமரா மின்னியது. அந்தப் படத்தோடு கொல்லை போய்விடும் என்பது சீருடையில் நின்ற எங்களுக்கும் விளங்கியது. சுவருக்கு அஸ்திவாரம் அடுத்த வாரம் என்று நோட்டீஸிலேயே அடித்திருந்தார்கள். தொழிலதிபர் பெருந்தன்மையாக, “அம்மா ரெண்டு வார்த்தை பேசட்டுமே” என்றார்.

அத்தை மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். சால்வையின் ஓரத்தை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது. மார்கழிப் பனிக்கு மாட்டுக்குப் போத்தலாம்.”

சிரிப்பு. செயலாளரும் சிரித்தார்.

“சாரு, நான் கொல்லைய வழங்கிட்டேன்னு சொன்னாரு. எப்ப வழங்கினேன்னு சொல்லல. நான் கீழ்பென்னாத்தூர்ல எழவு வூட்டுல இருந்தேன். அங்கேர்ந்து எந்த வழியா வழங்கினேன்? ரோலரு வந்த வழியாவா?”

அத்தை தொழிலதிபர் பக்கம் திரும்பினார். “நீங்க பெரிய மனுசரு, உங்களையே கேக்கறேன். உங்க வூட்டு ஹாலுல நீங்க ஊர்ல இல்லாதப்ப எம் மாட்டக் கொண்டாந்து கட்டி, அதுக்கு மணலையும் கொட்டிட்டு, உங்களுக்கு ஒரு துண்டு போத்தினா ஹாலு மாட்டுதாயிடுமா?”

அந்த மனிதர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் குனிந்து, மைக்குக்கு எட்டாத குரல் என்று நினைத்துக்கொண்டு, “அம்மா, நாட்டுக்காகம்மா” என்றார். ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

“நாட்டுக்கு எடம் வேணும்னா நாடு வந்து கேக்கட்டும். செவுத்துக்கு அந்தாண்ட குடியிருக்கற நீ எதுக்குய்யா நாட்டுக்காகக் கேக்கற?”

அத்தை அவரை நீ என்று சொன்னதுண்டு. அப்போதும் கடைசியில் ஒரு சார் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தடவை அது வரவில்லை. மைக்கை சோபாவின் மேல் போட்டுவிட்டு வெளியே நடந்தார். எங்கள் வரிசையைத் தாண்டித்தான் போனார். என்னையும் பார்த்தார். சுண்ணாம்புக் கோட்டையும் கோல்கம்பத்தையும் பார்த்த அதே பார்வைதான். நேராக மோட்டார் கொட்டாய்க்குள் நுழைந்தார். உள்ளே மோட்டார் உறுமியது.

வேலியோரம் ஓடும் வாய்க்காலை மட்டும் ரோலர் தொடாமல் விட்டிருந்தது. தண்ணீர் அதில் நிறைந்து வந்தது. அத்தை சால்வையைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வரப்பில் ஏறி நின்று, முதல் மடையை வெட்டினார். எங்கள் பழைய கொல்லையாக இருந்தால் மண் அங்கேயே குடித்திருக்கும். இறுகிய தரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தண்ணீர் மேலாகவே, வழவழவென்று, பெனால்டி கோட்டைக் கரைத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடி வந்தது. கேலரியில் இருந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். எங்கள் பூட்ஸ் நனைந்தது. தொழிலதிபரின் டிரைவர் காரைப் பார்த்து ஓடினான்.

“அம்மா! எல்லாரும் உக்காந்திருக்காங்கம்மா! நனையுதும்மா!” என்று செயலாளர் ஒலிபெருக்கியிலேயே கத்தினார்.

“நனையறது எந் நெலம். உங்கள யாரு உக்காரச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு, அத்தை சோபா போட்டிருந்த பக்கத்து மடையையும் வெட்டிவிட்டார்.